பூதக்கண்ணாடியின் தீர்ப்பு

மருந்துக்கடைக்காரருக்குப் பூதக்கண்ணாடி என்று முதலில் பெயர் வைத்தது யார் என்பது யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும், அவ்வளவு பொருத்தம். நகை வேலை செய்கிறவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே ஒரு சின்ன உருப்பெருக்கி, அது எப்போதும் அவர் சட்டைப் பையில் கிடக்கும். பேனாவை மறந்துவிட்டுக் கடைக்குப் போன நாள் உண்டு. அதை மறந்துவிட்டுப் போன நாள் கிடையாது.

பகலெல்லாம் மருந்துக்கடையில் நிற்பது அவர் பிழைப்பு. டாக்டர்கள் எழுதித் தருவது எழுத்தா, கோழி கிளறிய மண்ணா என்று மற்றவர்கள் முழித்துக்கொண்டிருக்கும்போது, இவர் சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டிவிடுவார். பக்கத்துக் கடைகளிலிருந்துகூடச் சீட்டைக் கொடுத்தனுப்பி இவரிடம் படித்து வாங்கிப் போவார்கள். அந்த மிதப்பு அவருக்கு நிறையவே இருந்தது. கண்ணாடி போடாமல் இந்த வயதில் படிக்கிறேன் பார் என்று வாடிக்கையாளர்களிடம் அவராகவே சொல்லிக்கொள்வார். கேட்டவர்கள் திருஷ்டிபட்டுவிடப் போகிறது என்று சிரிப்பார்கள்.

அந்தப் பிழைப்பைத் தவிர அவருக்கு இருந்தது கேமராப் பைத்தியம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமையானால் கேமரா ரிப்பேர்காரர் ஒருவரின் கடைக்கு மேலே இருக்கும் அறைக்குப் போய்விடுவார். ஒரு மேசை, நாலைந்து ஸ்டூல்கள், லென்ஸ்களில் பூசணம் பிடிக்காமலிருக்க உள்ளே சின்ன பல்பு எரியும் ஓர் இரும்பு அலமாரி, அவ்வளவுதான் அந்த அறை. அந்த ரிப்பேர்காரர், கணக்கு வாத்தியார் ஒருவர், பஸ் டிரைவர் ஒருவர், நம் பூதக்கண்ணாடி. இந்த நாலு பேரும் கூடிவிட்டால் அந்த மேசைக்கு வெளியே உலகம் இருப்பதே மறந்துவிடும். புதிதாக எந்த மாடல் வந்திருக்கிறது என்ற செய்தி வாத்தியாருடையது. எந்தப் பழைய லென்ஸ் எங்கே விலைக்கு வந்திருக்கிறது என்பது டிரைவருடையது. தீர்ப்பு மட்டும் பூதக்கண்ணாடியுடையது.

தீர்ப்புக்கு ஒரு முறை உண்டு. யாராவது பழைய கேமரா கொண்டுவந்தால் மேசைமேல் துண்டை விரித்து அதன்மேல் வைப்பார்கள். கைமாறிக் கைமாறிக் கடைசியில் அது பூதக்கண்ணாடியிடம் வரும். அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவர் இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிப் பார்ப்பார். பிறகு அசல் என்பார், அல்லது நகல் என்பார். அதற்குமேல் பேச்சில்லை. ஊருக்குள் நகல்கள் மலிந்து கிடந்த காலம் அது. மலிவான கேமராவின் மேல்தகட்டைச் சுரண்டிவிட்டு, பெயர்பெற்ற பழைய கம்பெனியின் பெயரை அதில் பொறித்து, பல மடங்கு விலைக்குத் தள்ளிவிடும் கூட்டம் ஒன்று இருந்தது. அசலில் எழுத்துகள் இயந்திரம் வெட்டியவை, நூல் பிடித்தாற்போல் நிற்கும். நகலில் கையால் பொறித்த எழுத்து எங்காவது நெளிந்துவிடும். ஒருமுறை ரிப்பேர்காரரே அசல் என்று நம்பி வாங்கி வைத்திருந்ததை, எழுத்து நெளிகிறது என்று இவர் அடித்துச் சொன்னார். திறந்து பார்த்தால் உள்ளே அத்தனையும் மலிவுச் சரக்கு. அன்று மூக்குடைபட்ட ரிப்பேர்காரர் அதன்பிறகு இவர் தீர்ப்புக்கு மறுபேச்சுப் பேசியதில்லை.

வினை ஆரம்பித்தது அவருடைய சொந்த லென்ஸில்தான். ஒரு கட்டடத்தைப் படம் எடுக்கக் கேமராவைக் கண்ணில் வைத்தவர், சுவரின் விளிம்பு நடுவில் லேசாக இடுப்பொடிந்து நிற்பதைப் பார்த்தார். லென்ஸ் எங்கோ அடிபட்டிருக்கிறது என்று நேரே ரிப்பேர்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் கழற்றி, துடைத்து, அளந்து பூட்டிக் கொடுத்தார். கோணல் போகவில்லை. மறுபடியும் கழற்றிப் பூட்டினார். அப்போதும் போகவில்லை.

"இதுல ஒண்ணுமில்ல பூதம். சுத்தமா இருக்கு."

"ஒண்ணுமில்லாமலா சுவரு வளையுது? உனக்குக் கை போச்சுப்பா. ஒத்துக்கோ."

ரிப்பேர்காரர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், பாவம்.

பூதக்கண்ணாடி அந்த லென்ஸை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறொன்று வாங்கினார். அதிலும் கோணல். அதையும் விற்றார். அந்தச் சமயம் வாத்தியார், புதிதாக வந்த கேமரா ஒன்றின்மேல் உயிரையே வைத்திருந்தார். அதன் அருமை பெருமைகளை வகுப்பில் சூத்திரம் ஒப்பிப்பதுபோல் ஒப்பிப்பார். எல்லோருமாக ஷோரூமுக்குப் போனார்கள். பூதக்கண்ணாடி அதைக் கையில் வாங்கிக் கண்ணில் வைத்தார், எதிரே இருந்த கதவைப் பார்த்தார், ஒரு படம் எடுத்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"புது மாடல்லயும் கோணலா?" என்றார் வாத்தியார், காற்றுப் போன குரலில்.

"கதவு நிலையே வளையுது சார். இதை வாங்கப் போறீங்களா?"

"ஆனா எடுத்த படத்துல நேராத்தானே இருக்கு? இதோ பாருங்க."

பூதக்கண்ணாடி படத்தைப் பார்த்தார். கதவு நேராகத்தான் நின்றது. அவர் அசருகிற ஆளா? "படத்துல சாஃப்ட்வேர் போட்டு நிமித்திடறான் சார். கண்ணு வச்சுப் பாக்கற வியூஃபைண்டர்லதான் உண்மை தெரியும். இப்ப வர்ற கண்ணாடியெல்லாமே குப்பை" என்றார். வாத்தியார் வாங்காமல் திரும்பி வந்தார். அந்த ஏக்கம் அவருக்கு ரொம்ப நாள் இருந்தது.

இதைக் கடைசிவரை மூடி வைத்துச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. கோணல் எந்தக் கண்ணாடியிலும் இல்லை, அவருடைய வலது கண்ணில் இருந்தது. விழித்திரையின் நடுவில் நீர் கசிந்து, நேரான கோடுகளை வளைத்துக்கொண்டிருந்தது. சாதாரணமாக நாம் இரண்டு கண்ணாலும் பார்க்கிறோம், ஒன்றின் குறையை மற்றது பூசி மெழுகிவிடுகிறது. சீட்டைப் படிக்கும்போதும் படத்தைப் பார்க்கும்போதும் இடது கண் அவருக்காகச் சத்தமில்லாமல் வேலை செய்தது. ஆயுளில் அவர் வலது கண்ணால் மட்டும் பார்த்த இடம் கேமராவும் உருப்பெருக்கியும்தான். அதனால் கோளாறும் அங்கே மட்டும்தான் தெரிந்தது. வேறு எவனாக இருந்தாலும் கண் டாக்டரிடம் போயிருப்பான். இவர் லென்ஸை மாற்றினார். மாற்றிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் மனைவி மட்டும் ஒருநாள் கேட்டாள். "உலகத்துல இருக்கிற கேமரா எல்லாமேவா கெட்டுப்போச்சு? ஒருவேளை..."

"உனக்கு என்ன தெரியும் இதுல?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்டதிலேயே புத்தியான கேள்வி அதுதான். அது பாதியிலேயே செத்துப்போனது.

அந்த மாதிரியான நேரத்தில்தான் டிரைவர் தன் அப்பாவின் கேமராவைக் கொண்டுவந்தார்.

டிரைவரின் அப்பா பாலம் கட்டும் வேலையில் கிரேன் ஓட்டியவர். சாரம் சரிந்து ஒரு வெளிநாட்டு என்ஜினியர் ஆற்றுக்குமேல் தொங்கியபோது, சரியான நேரத்தில் கொக்கியை இறக்கி அவரைப் பிழைக்க வைத்தாராம். வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது என்ஜினியர் தன் கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி இவர் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனாராம். அப்பா போன பிறகு அந்தக் கேமரா அவர் படத்துக்குப் பக்கத்தில், அலமாரியின்மேல் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் டிரைவரின் அம்மா அந்தக் கதையைச் சொல்லித்தான் அனுப்புவார். காது கேட்காதவர் என்பதால் நடுவில் யாரும் நிறுத்தவும் முடியாது. கேஸ் சிலிண்டர் போட வந்தவனுக்குக்கூடக் கதை மனப்பாடம்.

"விக்கிறதுக்கு இல்லண்ணே" என்றார் டிரைவர், துண்டின்மேல் அதை வைத்துக்கொண்டே. "அம்மா கேட்டாங்க, இது எந்த வருஷத்துதுன்னு. உங்க வாயால கேட்டுட்டு வரச் சொன்னாங்க. அவ்வளவுதான்."

கேமரா கைமாறி வந்தது. பூதக்கண்ணாடி இடது கண்ணை இறுக மூடினார். உருப்பெருக்கியை இடுக்கினார். மேல்தகட்டில் பொறித்திருந்த பெயரைப் பார்த்தார். எழுத்துகள் வரிசை தப்பி, நடுவில் ஒன்று அமுங்கி, அடுத்தது சாய்ந்து நின்றன. நகலில் அவர் பார்த்துப் பழகிய அதே நெளிவு, அதைவிட மோசமாக.

அவருக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார். ஆனால் பொய்த்தீர்ப்புச் சொன்னவன் என்ற பேர் வந்துவிடக் கூடாதே.

"நகல் தம்பி."

ரிப்பேர்காரர் ஸ்டூலில் நெளிந்தார். கேமராவை எடுத்து லென்ஸைத் திருகிப் பார்த்தார். பல வருஷம் திருகாமல் கிடந்து இறுகிப்போயிருந்தது. "கொஞ்சம் சூடு காட்டிக் கழட்டிடலாம். உள்ள ஒரு தடவை பாத்துடலாமே" என்றார், யாரிடம் சொல்கிறோம் என்றில்லாமல்.

"எழுத்தே காட்டிக்கொடுக்குது. கழட்டி என்னத்தப் பாக்கப் போற?" என்றார் பூதக்கண்ணாடி.

ரிப்பேர்காரர் தன் கையை ஒருமுறை பார்த்தார். கேமராவைத் துண்டிலேயே வைத்துவிட்டார். கை போச்சு என்று பேச்சுக் கேட்ட மனுஷன் வேறென்ன செய்வான்?

"அப்ப எங்கப்பா சொன்னது?" என்றார் டிரைவர்.

டிரைவர் கேமராவைத் துண்டோடு சுருட்டி எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அந்தத் துண்டு ரிப்பேர்காரருடையது என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

வீட்டில் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாராம், எந்த வருஷமாம் என்று. டிரைவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். காதில் விழவில்லை. மறுபடி சொன்னார். அம்மா காதைக் கிட்டே கொண்டுவந்தார். வேறு வழியில்லாமல், பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரி அவர் கத்த வேண்டியிருந்தது: "போலியாம் அம்மா! அசல் இல்லையாம்!"

அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. கேமராவைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடு என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு வீட்டுக்கு வந்தவர்களிடம் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். சிலிண்டர்காரன் கேட்டபோதும் சிரித்து மழுப்பிவிட்டார். கணவரின் படத்தைத் துடைக்கிற வழக்கம் நின்றுபோனதை மருமகள்தான் முதலில் கவனித்தாள். சில மாதங்களில், மழை பிடித்திருந்த ஒரு வாரத்தில், காய்ச்சலோடு படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பூதக்கண்ணாடி சாவுக்குப் போய் நின்றார். டிரைவர் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். "கடைசியில அப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசலண்ணே. எத்தனையோ தடவ பேச்சுக் கொடுத்துப் பாத்தேன். அந்தாளு என்கிட்ட இன்னும் என்னென்ன பொய் சொன்னாரோன்னு ஒரு தடவ கேட்டாங்க. அவ்வளவுதான்." பூதக்கண்ணாடி முதுகைத் தட்டிக்கொடுத்தார். உண்மையைச் சொன்னோம், அதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீடு திரும்பினார்.

அதற்குப் பிறகு ஒரு விடுமுறை நாள் காலை. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலையணை இடது கண்ணை மறைத்திருந்தது. எதிரே ஜன்னல். ஜன்னல் கம்பிகள் நடுவில் வளைந்திருந்தன. இரண்டு கம்பிகளுக்கு இடையில் ஒரு கறை, எச்சில் தொட்டு அழித்த எழுத்துபோல் கலங்கி நின்றது.

தூக்கக் கலக்கத்தில், இந்த லென்ஸும் சரியில்லை என்றுதான் நினைத்தார். நினைத்த மறுகணம் கையைத் தூக்கிப் பார்த்தார். கையில் கேமரா இல்லை.

எழுந்து உட்கார்ந்தார். வலது கண்ணைப் பொத்தினார், கம்பிகள் நேராக நின்றன. இடது கண்ணைப் பொத்தினார், வளைந்தன. மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி உள்ளே வந்து, "என்னங்க, குழந்தைக்கு விளையாட்டுக் காட்டற மாதிரி?" என்று கேட்டவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள்.

"எனக்குக் கண்ணு போச்சும்மா" என்றார். அவர் அவளை அப்படிக் கூப்பிடுகிற வழக்கமே இல்லை.

கண் டாக்டரம்மா ஒரு கட்டம் போட்ட அட்டையை நீட்டினார். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். கட்டங்கள் நடுவில் சுழித்துக்கொண்டு போயின. ஒரு வருஷமாக வாங்கி விற்ற அத்தனை லென்ஸ்களும் அந்த அட்டைக்குள் இருந்தன.

"கோடு வளையறதை முதல்ல எப்பக் கவனிச்சீங்க?"

"லென்ஸுல பாத்தேன் டாக்டர். லென்ஸுதான் கெட்டுப்போச்சுன்னு..."

"ஒரு லென்ஸுலயா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஊசி போட்டுத் தடுத்திருக்கலாம் என்றார். இப்போது நடுவில் தழும்பு விழுந்துவிட்டது, போனது வராது. இடது கண்ணை இனிமேல் அடிக்கடி காட்டிக்கொள்ள வேண்டும், அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த மருந்தை இவர் தன் கடையில் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார், வேளை தவறாமல் போடுங்கள் என்று புத்தியும் சொல்லியிருக்கிறார்.

ஆட்டோவில் வரும்போது மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு கண்ணு இருக்குல்ல. அதுபோதும். சமாளிச்சுக்கலாம்" என்றாள். அவர் அழுவது கண்ணுக்காக என்று நினைத்துக்கொண்டாள். கண்ணுக்காகவும்தான். ஆனால் அவர் கண்முன்னால் நின்றது ஒரு மேல்தகடு. அதில் சாய்ந்து நின்ற எழுத்துகள். அவற்றைச் சாய்த்தது எது என்று இப்போது தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தார். ஆனாலும் போனார். வாத்தியார் வேறொரு புது மாடலைப் பற்றி ஆரம்பித்திருந்தார். பூதக்கண்ணாடி ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், அட்டை, கட்டம், தழும்பு எல்லாம். ரிப்பேர்காரரைப் பார்த்து, "உன் கைக்கு ஒண்ணும் ஆகலப்பா" என்றார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். மேசையில் துண்டு விரிக்கிற இடத்தைக் கையால் தடவினார்.

டிரைவருக்குப் புரிந்துவிட்டது. அவர் எழுந்து படியிறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள். யாரும் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்துப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டிரைவர் அதே துண்டைக் கொண்டுவந்து மேசைமேல் பிரித்தார்.

"கழட்டுங்க" என்றார் ரிப்பேர்காரரிடம்.

ரிப்பேர்காரர் லென்ஸின் அடிவளையத்துக்கு இளஞ்சூடு காட்டினார். ரப்பர் துண்டைச் சுற்றிப் பிடித்து மெல்லத் திருகினார். லென்ஸ் முனகிக்கொண்டே கழன்று வந்தது. டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தார். உள்ளே ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அசலில் அதன் நுனியில் மிளகளவு சக்கரம் இருக்கும், நகலில் வெறும் கட்டை நுனிதான். அவர் ஓர் ஊசியை உள்ளே விட்டு லேசாகத் தொட்டார்.

"சக்கரம் இருக்கு" என்றார். "சுத்துது."

அந்த அறையின் முறைப்படி எல்லோரும் பூதக்கண்ணாடியைப் பார்த்தார்கள். பழக்கதோஷம், அந்த நிலைமையிலும் விடவில்லை. ரிப்பேர்காரர் கேமராவை அவர் கையில் கொடுத்தார். பூதக்கண்ணாடி பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்தார். வலது கண்ணுக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. பிறகு இடது கண்ணில் வைத்தார். அங்கே இடுக்கிப் பழக்கமில்லாததால் இரண்டு தடவை நழுவி விழுந்தது. மூன்றாம் தடவை விரலால் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

எழுத்துகள் நூல் பிடித்தாற்போல் நின்றன. ஒன்றுகூடச் சாயவில்லை. அன்றைக்கும் இப்படித்தான் நின்றிருக்கும். கண்ணை மாற்றி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். அதற்குக் காசா பணமா?

"அசல்" என்றார். குரல் எழும்பவில்லை.

டிரைவர் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கண்ணே" என்றார். "அம்மாவுக்குக் காது கேக்காது."

பூதக்கண்ணாடி மறுபடியும் சொன்னார். தொண்டை கிழியக் கத்திச் சொன்னார். கீழே கடை வாசலில் நின்றிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று அண்ணாந்து பார்த்தார்கள்.